தாய்வழிக் குடிகளுக்குத் தந்தைவழிச் சரித்திரமா?

அண்மைக் காலமாக எமது கரையோர ஊர்களில் நல்ல காரியம் ஒன்று நடந்து வருகிறது. மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை, படித்தவர்கள் பலர் தத்தமது குடும்பங்களின் வேரைத் தேடப் புறப்பட்டிருக்கிறார்கள். பழைய தினகரனிலும் வீரகேசரியிலும் வந்த மரண அறிவித்தல்களைத் தேடி எடுத்து ஒட்டி வைக்கிறார்கள். பாடசாலை ஆண்டு மலர்களையும், பள்ளிவாசல் திறப்பு விழா மலர்களையும், பிரமுகர்களின் நினைவு மலர்களையும் புரட்டி, இன்னாரின் மகன் இன்னார், அவரது மகன் இன்னார் என்று ஏணி கட்டுகிறார்கள். சிலர் அதைப் பெரிய தாளில் மரமாக வரைந்து வீட்டு மண்டபத்தில் மாட்டியிருக்கிறார்கள். சிலர் சிறு நூலாகவும் அச்சிட்டு விட்டார்கள்.

பாராட்ட வேண்டிய முயற்சிதான். எழுத்தில் எதையும் விட்டுச் செல்லாத சமூகம் என்று பிறர் எம்மைச் சொல்வதற்கு இது ஒரு பதில். ஆனால் அந்த மரங்களை உற்றுப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவற்றில் பெண்கள் இல்லை. ஏழு தலைமுறை ஆண்கள் ஒருவரிலிருந்து ஒருவர் தாமாகவே முளைத்தது போல நிற்கிறார்கள். பெற்றவள் எங்கே என்று கேட்டால், “பெயர் கிடைக்கவில்லை” என்கிறார்கள். கிடைக்கவில்லையா, தேடவில்லையா என்பதுதான் எனது கேள்வி.

வேறெந்த ஊரிலாவது இது நடந்தால் வழமையான ஆணாதிக்கம் என்று சொல்லி நகர்ந்து விடலாம். எமது கரையில் அப்படி நகர முடியாது. நாம் தாய்வழிக் குடிகளைக் கொண்ட மக்கள். ஒருவர் எந்தக் குடி என்பதை அவரது உம்மாவே தீர்மானிக்கிறாள். வாப்பாவின் குடி வேறு, பிள்ளையின் குடி வேறு. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போகிறான். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகின்றன. அவளிடமிருந்து அவளது மகளுக்குப் போகின்றன. இப்படி வாழ்ந்த மக்கள் தமது சரித்திரத்தை மட்டும் வாப்பாவின் வாப்பா, அவரின் வாப்பா என்று எழுதுவது, ஆற்றின் கதையை எழுதப்போய்க் கரையோர மரங்களை எண்ணிவிட்டு வருவதற்குச் சமம்.

இந்தக் குறை எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்ப்போம். வம்சாவளி எழுதுவோரின் முதல் ஆவணம் ஜனாஸா அறிவித்தல். அதன் அமைப்பை நாம் எல்லோரும் மனப்பாடமாகவே அறிவோம். ஒரு மூதாட்டி மௌத்தானால், இன்ன வீதியைச் சேர்ந்த மர்ஹூம் இன்னாரின் மனைவி காலமானார் என்று பள்ளி ஒலிபெருக்கி சொல்லும். அன்னார் இன்னாரின் தாயாரும் இன்னாரின் மாமியாருமாவார் என்று தொடரும். மகன்மாரின் பெயர்களோடு தொழிலும் வரும்: ஆசிரியர், வங்கி முகாமையாளர், கட்டாரில் தொழில் புரிபவர். மகள்மாருக்குப் பதிலாக மருமகன்மார் வருவார்கள். அஸருக்குப் பின் நல்லடக்கம் என்பதும் வரும். எல்லாம் வந்துவிடும். மௌத்தானவளின் பெயர் மட்டும் சில நேரங்களில் வராது. பத்திரிகை அறிவித்தல் சற்று மேல். அதில் பெயர் இருக்கும். ஆனால் அவள் யாருடைய மகள் என்று தேடினால் வாப்பாவின் பெயர்தான் அகப்படும். அவளைப் பெற்ற உம்மாவின் பெயர் வந்த அறிவித்தல்களை விரல் விட்டு எண்ணலாம். நான் பல வருடங்களாக இந்தத் துண்டுகளைச் சேர்த்து வருபவன். எனது கோப்பில் உள்ளவற்றை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வாப்பா வழியைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் அந்த வழியிலும் தூரம் போக முடிவதில்லை. எமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. மகனின் முதலெழுத்து வாப்பாவின் பெயரிலிருந்து வருகிறது. பேரனின் முதலெழுத்து மகனின் பெயரிலிருந்து வருகிறது. ஆக, தலைமுறைக்கு ஒருமுறை முதலெழுத்து மாறிவிடும். இடையில் ஓர் அறிவித்தல் தவறினால் சங்கிலி அறுந்துபோகும். ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே முதலெழுத்துகளோடும் ஒரே பெயரோடும் நாலைந்து பேர் வாழ்ந்திருப்பார்கள். ஏ.எல்.எம். என்ற மூன்றெழுத்தைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அலைந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க எம் முன்னோரிடம் ஒரு வழி இருந்தது. அது குடி. தலைமுறை எத்தனை மாறினாலும் குடிப் பெயர் மாறாது. பிறர் குடும்பப் பெயரால் செய்வதை நாம் குடிப் பெயரால் செய்தோம். அந்தப் பெயரைச் சுமந்து வந்தவள் உம்மா. பொன்னாச்சி குடி என்று சொல்லும்போது ஒரு பெண்ணின் பெயர்தானே காதில் விழுகிறது? வம்சாவளி தேடுவோருக்குத் தொடர்ச்சியுள்ள ஒரே கயிறு தாய்வழிதான். அந்தக் கயிற்றை விட்டுவிட்டுத் துண்டு துண்டாய்க் கிடக்கும் நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அக்கரைப்பற்றில் 1969ஆம் ஆண்டளவில் வந்து தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இந்தக் கரையின் தமிழ், முஸ்லிம் குடிகளைப் பற்றி 2008ஆம் ஆண்டு பெரியதொரு ஆங்கில நூலே வெளியிட்டார். எந்தக் குடிக்கு எந்தப் பள்ளிவாசலில் மரைக்கார் பதவி, எந்தக் குடிக்கும் எந்தக் குடிக்கும் கொள்வனை கொடுப்பனை என்பதையெல்லாம் கடல் கடந்து வந்த ஒருவர் கேட்டு எழுதிக்கொண்டு போனார். எமது வீட்டு மண்டப மரங்களில் குடிப் பெயர் ஒன்றையேனும் கண்டவர் உண்டா? கண்டவர்கள் எனக்குக் காட்டுங்கள்.

ஏன் இப்படி ஆனோம்? எனக்குத் தெரிந்த காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, அறபு மோகம். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிய தமது கட்டுரையில், சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு எழுதினார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற அரசியல் அதற்குப் பின்னால் இருந்தது. அந்தக் காலத்தில் அந்த மறுப்பு தேவையானதுதான். அதை நான் குறை கூறவில்லை. ஆனால் அன்று தொடக்கம் எமது பூர்வீகம் பற்றிய பேச்செல்லாம் எந்தக் கப்பலில் எந்த ஆண் வந்தான் என்பதாகவே போய்விட்டது. யெமனிலிருந்தா, காயலிலிருந்தா, கீழக்கரையிலிருந்தா? வந்தவன் யார் என்று நூறு வருடமாகக் கேட்கிறோம். அவன் வந்து இறங்கியபோது இங்கே இருந்தவள் யார் என்று கேட்கிறோமா?

எமது கரையின் பழங்கதைகளே இதைக் கேட்கச் சொல்கின்றன. திமிலருக்கும் முக்குவருக்கும் நடந்த சண்டையில் முக்குவருக்குத் துணை நின்ற பட்டாணியர், அதற்குப் பிரதியாக முக்குவப் பெண்களை மணம் முடித்துக் குடியமர்ந்தார்கள் என்ற கதை மட்டக்களப்புப் பிரதேசம் முழுவதும் அறிந்த கதை. 1626ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்கள் நாலாயிரம் பேரைக் கண்டி மன்னன் செனரத் கிழக்கில் குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்கள் சொல்லும் செய்தி. வந்தவர்களின் கதை இவை இரண்டும். குடியும் சீதனமும் மரைக்கார் முறையும் கப்பலில் வந்தவையல்ல. அவை இந்த மண்ணில், இந்த மண்ணின் பெண்களிடம் இருந்தவை. பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் இதே குடிமுறை இருப்பது இதற்குச் சான்று. இந்தப் பெண்களை ஏற்றுக்கொண்டால் அறபு வம்சத்துக்குப் பங்கம் வந்துவிடுமோ என்ற பயம்தான் எமது வம்சாவளிகளில் அவர்களை ஊமையாக்கி வைத்திருக்கிறது என்பது எனது துணிபு.

இரண்டாவது காரணம், அரசாங்கத்தின் படிவங்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் ஒருவர் இந்நாட்டவர் என்பதற்கு வாப்பா, வாப்பாவின் வாப்பா, அவரின் வாப்பா ஆகியோரின் பிறப்பிடத்தைத்தான் கேட்டது. அதன் விளைவாகப் பழைய பிறப்புச் சான்றிதழ்களில் பாட்டனாரின் பெயருக்கும் பிறந்த இடத்துக்கும் தனிக் கூடுகள் வந்தன. பாட்டிக்குக் கூடு இல்லை. தாய் மூலமும் பிள்ளைக்குச் சமமாகப் பிரஜாவுரிமை கிடைக்கும் என்று சட்டம் திருத்தப்பட்டது 2003ஆம் ஆண்டில்தான். எமது சொந்தச் சட்டமும் இதற்குக் குறைந்ததல்ல. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகனும் மணமகளின் வலியும் ஒப்பமிட வேண்டும் என்று விதித்தது. மணமகளின் ஒப்பத்தைக் கேட்கவில்லை. கலியாணம் யாருக்கோ, கையெழுத்து யாருக்கோ! மணமகளின் கையெழுத்தில்லாமல் நிரம்பிய அந்தப் புத்தகங்களைத்தான் இன்று பேரப்பிள்ளைகள் ஆவணம் என்று புரட்டுகிறார்கள்.

மூன்றாவது, பதவி. வன்னியனார், உடையார், முதலியார், விதானையார் என்று அந்நிய ஆட்சி கொடுத்த பட்டங்களெல்லாம் ஆண்களுக்கே. பட்டம் உள்ளவனைப் பற்றிக் காகிதம் இருக்கும். 1907இல் ஆர்னல்ட் ரைட் பதிப்பித்த இலங்கை பற்றிய பெரிய நூலைப் போன்றவை கொழும்பின் தனவந்தர்களைப் படத்தோடு பதிந்து வைத்தன. அந்தப் பாணியையே எமது ஊர் மலர்களும் சிறிய அளவில் பின்பற்றின. படம், பட்டம், கட்டிய பள்ளிவாசல், கொடுத்த காணி. கொடுத்த காணியில் பாதி மனைவியின் சீதனமாக இருந்திருக்கலாம். அதை யார் எழுதினார்கள்?

“இதெல்லாம் ஏட்டுச் சண்டை, இதனால் யாருக்கு என்ன நட்டம்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதியை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். அன்று இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரம் பேருக்கு மேல். மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் மாளிகைக்காடும் கடற்கரையோரத்தில் சனத்தையும் வீட்டையும் சேர்த்தே பறிகொடுத்தன. அதன் பின் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் கிழக்கில் தடை போட்டது. வீடிழந்தவர்களுக்கு வேறிடத்தில் வீடு என்றார்கள். படிவம் வந்தது. படிவத்தில் “குடும்பத் தலைவர்” என்று ஒரு கூடு இருந்தது. அதில் எழுதப்பட்டது கணவனின் பெயர்.

அழிந்த வீடு யாருடையது? உம்மா மகளுக்குக் கொடுத்த சீதன வீடு. புதிய வீடு யாருடையது? பல இடங்களில் புருஷனுடையது. இந்த அநியாயத்தைக் கிழக்கின் பெண்கள் அமைப்புகள் அப்போதே சுட்டிக்காட்டின. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணிடம் இருந்த சொத்து ஒரே படிவத்தில் கைமாறியது. கேட்க வேண்டிய நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? எமது கையில் பெண்ணின் பெயர் சொல்லும் சரித்திரம் ஏதாவது இருந்ததா, “இந்த ஊரில் வீடு பெண்ணுடையது, இதோ ஆதாரம்” என்று எடுத்து வைப்பதற்கு? இருந்ததெல்லாம் ஆண்களின் மலர்கள். எழுத்தில் இல்லாதவளுக்கு வீடும் இல்லாமல் போனது. இதைவிடப் பெரிய நட்டம் வேறென்ன வேண்டும்?

இனி மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் ஆட்சேபனைகளுக்கு வருகிறேன். இவை மூன்று.

பிள்ளைகளை வாப்பாவின் பெயரோடு சேர்த்தே அழைக்க வேண்டும் என்று குர்ஆன் சொல்கிறதே என்பது முதலாவது. அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆவது வசனத்தைக் காட்டுவார்கள். வளர்ப்புப் பிள்ளைகளை வளர்த்தவரின் பெயரால் அழைக்காமல் பெற்றவரின் பெயரால் அழையுங்கள் என்பதற்காக வந்த வசனம் அது. உம்மாவின் பெயரை எழுதாதே என்று அதில் எங்கும் இல்லை. அதே குர்ஆன் ஒரு நபியை மர்யமின் மகன் என்றே திரும்பத் திரும்ப அழைக்கிறது. அலி (ரழி) அவர்களின் ஒரு மகனை இஸ்லாமிய வரலாறு முஹம்மத் இப்னுல் ஹனபிய்யா என்று தாயை வைத்தே அறிகிறது. நபியவர்களின் முஅத்தின்களில் ஒருவரை இப்னு உம்மி மக்தூம் என்றுதான் இன்றும் சொல்கிறோம். பங்கு பிரிக்கும் பராயிழ் சட்டத்தில், உம்மா உயிரோடு இல்லாதபோது உம்மாவின் உம்மாவுக்கு ஆறில் ஒரு பங்கு உண்டு. பங்கு கொடுத்த மார்க்கம் பெயரை மறைக்கச் சொல்லுமா?

அந்நியப் பெண்களின் பெயரைச் சபையில் சொல்லலாமா என்பது இரண்டாவது. ஆமினா, கதீஜா, ஆயிஷா, பாத்திமா என்ற பெயர்கள் மத்ரஸாவில் படிக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். நபியவர்களுக்குப் பால் கொடுத்த ஹலீமாவின் பெயரும் தெரியும். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு ஸஅத் தமது தபகாத் நூலின் கடைசிப் பகுதியைப் பெண்களுக்கென்றே ஒதுக்கினார். 1497இல் மறைந்த ஸகாவி என்ற எகிப்திய அறிஞர், தமது நூற்றாண்டில் வாழ்ந்தவர்கள் பற்றிப் பன்னிரண்டு பாகங்களில் எழுதிய நூலின் இறுதிப் பாகத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பெயர் சொல்லிப் பதிந்தார். ஐந்நூறு வருடங்களுக்கு முன் கெய்ரோவில் முடிந்த காரியம் இன்று கல்முனையில் ஏன் முடியாது? ஹதீஸ் கலையே பெயர்களின் சங்கிலி. அந்தச் சங்கிலியில் பெண்களும் இருக்கிறார்கள். அதைக் காத்த சமூகத்தின் பிள்ளைகள் தமது மூத்தம்மாவின் பெயரைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள்.

மூன்றாவது ஆட்சேபனைதான் சற்று யோசிக்க வைப்பது. குடி என்பது ஜாஹிலிய்யத், சாதியைப் போன்றது, அது அழிந்து போகட்டும் என்கிறார்கள். குடிகளுக்குள் மேல் கீழ் பார்த்ததும், சில குடிகளுக்கு மட்டும் மரைக்கார் பதவி என்று வைத்துக்கொண்டதும் அழிய வேண்டியவைதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஏற்றத்தாழ்வை ஒழிப்பது வேறு, ஞாபகத்தை ஒழிப்பது வேறு. குடி போனால் அந்த இடத்தில் சமத்துவம் வந்ததா? வாப்பாவின் பெயரும் பட்டமும்தான் வந்து குந்திக்கொண்டன. ஓர் ஏற்றத்தாழ்வை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தோம். சுமாத்திராவின் மினாங்கபாவு மக்கள் உலகின் மிகப் பெரிய தாய்வழிச் சமூகம், அவர்கள் முஸ்லிம்கள். கேரளத்தின் கண்ணூரில் அறக்கல் அரச குடும்பத்தில் பீவிமார் ஆட்சி செய்தார்கள். அங்குள்ள மாப்பிளமாரின் தறவாட்டுப் பெயர் தாய் வீட்டின் வழியே வருகிறது. தாய்வழியை வைத்துக்கொண்டு அவர்களின் இஸ்லாம் குறைந்து போகவில்லை.

சரி, பெயர் கிடைக்கவில்லை என்கிறார்களே, அதற்கு என்ன வழி? வழி இருக்கிறது. நான் எனது உம்மா வழியைத் தேடியபோது அறிவித்தல்கள் இரண்டாம் தலைமுறையோடு கைவிட்டு விட்டன. அதற்கு மேல் என்னை அழைத்துச் சென்றவை காணி உறுதிகள். எமது ஊர்ச் சீதன உறுதி ஒன்றை எடுத்துப் பாருங்கள். கொடுப்பவரில் உம்மா இருப்பாள், பெறுபவர் மகள். அதைவிட முக்கியமானது எல்லை விபரம். வடக்கே இன்ன உம்மாவின் வளவு, கிழக்கே இன்ன உம்மாவின் வளவு என்று நொத்தாரிசு எழுதி வைத்திருப்பார். வளவுகள் பெண்களுடையவை என்பதால் எல்லைகளிலும் பெண்களே நிற்கிறார்கள். ஓர் உறுதியில் மூன்று நான்கு பெண்கள் கிடைப்பார்கள். பக்கத்து வளவுக்காரி பெரும்பாலும் சகோதரியாகவோ பெரியம்மாவாகவோ இருப்பாள், ஏனென்றால் ஒரே வளவைத்தான் மகள்மாருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். வீட்டு அலுமாரியில் பொலித்தீன் பைக்குள் கிடக்கும் அந்தக் காகிதம் எந்த நினைவு மலரை விடவும் நேர்மையான வம்சாவளி. சரித்திரம் எழுதும் நோக்கம் அதை எழுதியவருக்கு இருக்கவில்லை. காணிச் சண்டை வரக்கூடாது என்பதுதான் அவரது கவலை. அதனால்தான் யாரையும் மறைக்கவில்லை.

இரண்டாவது, கத்தக் கொப்பி. வருடாந்தம் கத்தம் ஓதும் வீடுகளில் மௌத்தானவர்களின் பெயர்களைக் கொப்பியில் எழுதி லெப்பையிடம் கொடுப்பார்கள். அதில் மூத்தம்மாமாரின் பெயர்கள் வரிசையாக இருக்கும். துஆவில் பெயர் சொல்ல வெட்கப்படாதவர்கள் எம் முன்னோர். கத்தம் ஓதுவது சரியா பிழையா என்ற தர்க்கத்துக்கு நான் வரவில்லை; அது ஆலிம்களின் வேலை. ஓதுவதை நிறுத்திய வீடுகளில் கொப்பியையும் சேர்த்து எறிந்து விட்டார்களே என்பதுதான் எனது ஆதங்கம். 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 சுனாமியும் எமது காகிதங்களில் எவ்வளவோ கொண்டு போய்விட்டன. மிச்சத்தை நாமே எறியலாமா?

மூன்றாவது, இன்னும் உயிரோடிருக்கும் கிழவிமார். கலியாணம் பேசும்போது குடி கேட்டு உறவு பிரித்துச் சொன்னவர்கள் அவர்களே. எந்தப் பிள்ளைக்கு எவள் பால் கொடுத்தாள் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். மீஸான் கட்டையில் நாம் பெயர் எழுதுவதில்லை. ஆகவே அவர்களில் ஒருவர் மையவாடிக்குப் போகும்போது முப்பது நாற்பது பெயர்கள் கூடவே மண்ணுக்குள் போகின்றன. பழைய பதிவேடுகளைத் தேடுகிறவர்கள் ஒரு விடயத்தை மறக்கக் கூடாது: 1961 வரை எமது ஊர்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்தவை. கரவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று என்ற பழைய பற்றுப் பெயர்களில்தான் பழைய ஆவணங்களைத் தேட வேண்டும். அவற்றை அம்பாறையில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று கைவிரிக்க வேண்டாம்.

எழுத்தாளர்களாகிய நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. எமது எழுத்தாளர்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டப் பி.எம். புன்னியாமீன் தனி மனிதராக நின்று பல தொகுதிகள் வெளியிட்டார். எஸ்.எச்.எம். ஜெமீல் “சுவடி ஆற்றுப்படை” மூலம் முஸ்லிம்களின் நூல்களைப் பதிந்து வைத்தார். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம், ஆளுமைகளைப் பற்றிய பக்கங்களில் தந்தைக்கு ஒரு கூடும் தாய்க்கு ஒரு கூடும் வைத்திருக்கிறது. தாய்க்கான கூடு வெறுமையாகக் கிடக்கும் பக்கங்களைக் காண்கிறேன். குறை கூடு வைத்தவர்களிடம் இல்லை. விபரம் கொடுக்கும் நாம்தான் உம்மாவின் பெயரை எழுதாமல் விடுகிறோம். பக்கத்து ஊரான காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளின் சரித்திரத்தை யார் எழுதினாலும் சாமித்தம்பி, கண்ணம்மை என்று இருவரையும் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். கண்ணம்மையைத் தெரிந்த எமக்கு, எமது சொந்தக் கவிஞர்களில் எத்தனை பேரின் உம்மாவைத் தெரியும்? கவியரங்குகளில் தாயைப் பாடாத கவிஞர் இல்லை. தாயின் காலடியில் சுவர்க்கம் என்று முழங்காத மேடை இல்லை. அந்தத் தாய்க்கு ஒரு பெயர் உண்டு, அதைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்தப் பக்கங்களை வாசிக்கும் நண்பர்களுக்கு எனது வேண்டுகோள் மிகச் சுருக்கமானது. பள்ளிவாசல் நிர்வாகங்களில் இருப்பவர்கள், ஜனாஸா அறிவித்தலில் மௌத்தானவளின் பெயரை முதலில் சொல்லும்படி செய்யுங்கள். பிறகு அவளது உம்மாவின் பெயர், வாப்பாவின் பெயர், அதன் பிறகு கணவன். மலர் வெளியிடுபவர்கள் பெண்ணின் பெயர் இல்லாத வாழ்க்கைக் குறிப்பைத் திருப்பி அனுப்புங்கள். இந்தச் சஞ்சிகையும் தனது இரங்கல் குறிப்புகளில் இதைக் கடைப்பிடிக்கட்டும். வம்சாவளி வரைகிறவர்கள் மரத்தை மாட்டுவதற்கு முன் குடியை எழுதுங்கள். உங்கள் உறுதிகளை ஒருமுறை வாசியுங்கள்.

மற்றவர்கள் இவ்வளவும் செய்ய வேண்டாம். இதை வாசித்து முடித்ததும் ஒரு தாளை எடுத்து உங்கள் உம்மாவின் பெயரை எழுதுங்கள். அதன் கீழ் உம்மாவின் உம்மாவின் பெயரை எழுதுங்கள். அதன் கீழ் அவளது உம்மாவின் பெயரை எழுதுங்கள். மூன்றாவது வரியில் பேனா நின்றால், இன்றைக்கே வீட்டில் மூத்தவர்களிடம் போய்க் கேளுங்கள். அவர்கள் இருக்கும் வரைதான் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும்.